ரெண்டு ஊருக்கு நடுவுல ஒரு ஓட்டை: டப்ளின் - நியூயார்க் போர்ட்டல் கேஸ்

என் தம்பி டப்ளின்ல வேலை பாக்கறான். 2024 மே 10, வெள்ளிக்கிழமை, நம்ம டைமுக்கு ராத்திரி பதினொன்னு தாண்டிருச்சு, பாத்திரத்த கழுவி கவுத்துட்டு லைட்ட அணைக்கப் போறேன், வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட். பின்னாடி ஒரே காத்து, பஸ் சத்தம், யாரோ கத்தறாங்க.

"அக்கா தூங்கிட்டியா? இங்க ஓ'கானல் ஸ்ட்ரீட்ல பெரிய வட்டமா ஒரு ஸ்க்ரீன் வெச்சிருக்காங்க, உள்ள நியூயார்க் தெரியுது, லைவ்வா. அங்கருந்து ஒரு அம்மா கை காட்டுச்சு. நான் வேற யாருக்கோன்னு பின்னாடி திரும்பிப் பாத்தேன். அப்புறம் நெஞ்சுல கை வெச்சு 'நானா'ன்னு கேட்டேன். ஆமா நீதான்னு விரல நீட்டுச்சுக்கா. அவ்ளோதான். பஸ் வந்துருச்சு, ஏறிட்டேன். ஆனா ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு."

நாலே நாள் கழிச்சு அந்த ஸ்க்ரீன ஆஃப் பண்ணிட்டாங்க.

எனக்கு தொழில் ஆப் டிசைன். பட்டன் எங்க வெக்கணும், எத்தன தடவ கேட்டா ஜனம் கடுப்பாகும், இதான் பொழப்பு. அதனால இந்த போர்ட்டல் விஷயம் மண்டைல ஒக்காந்துருச்சு. தூரத்துல இருக்கற மனுஷங்கள டெக்னாலஜி வெச்சு நெருக்கமாக்கறோம்னு வருஷா வருஷம் யாராவது கெளம்பறாங்க, சிலது ஒர்க் ஆகுது, சிலது அசிங்கத்துல முடியுது. ஒரே மாதிரி கேமரா, ஒரே மாதிரி ஸ்க்ரீன், அப்புறம் ஏன் ஒரு எடத்துல கண்ணு கலங்குது, இன்னொரு எடத்துல பேண்ட்ட கழட்டறான்? இந்த எழுத்து முழுக்க அதப்பத்திதான், கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

என்ன நடந்துச்சு

போர்ட்டல்ங்கறது லிதுவேனியா ஆர்ட்டிஸ்ட் பெனடிக்டாஸ் கிலிஸ் ஆரம்பிச்ச விஷயம். முதல் ஜோடி 2021 மே மாசம் திறந்தாங்க, ஒண்ணு லிதுவேனியாவோட தலைநகர் வில்னியஸ்ல ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல, இன்னொண்ணு போலந்துல லூப்ளின் ஊர்ல. நடுவுல சுமார் 600 கிலோமீட்டர். வில்னியஸ் டெக்னிக்கல் யுனிவர்சிட்டி இன்ஜினியர்கள் சேந்து செஞ்சு குடுத்தாங்க. பாக்கறதுக்கு கான்க்ரீட்டும் கண்ணாடியுமா பெரிய சக்கரம் மாதிரி இருக்கும், நடுவுல ஸ்க்ரீன், ஒரு கேமரா, அந்தப்பக்கத்து தெரு 24 மணி நேரமும் ஓடிட்டே இருக்கும். சத்தம் மட்டும் கிடையாது. படம் மட்டும்தான்.

2024 மே 8 அன்னிக்கு டப்ளினும் நியூயார்க்கும் சேந்துச்சு. டப்ளின்ல நார்த் ஏர்ல் ஸ்ட்ரீட்டும் ஓ'கானல் ஸ்ட்ரீட்டும் சேர்ற முக்குல, எதுத்தாப்புல 1916ல பிரிட்டிஷ் ஆட்சிய எதுத்து கிளர்ச்சி நடந்த ஜெனரல் போஸ்ட் ஆபீஸ், அந்தப்பக்கம் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் சிலை தடிய ஊனிட்டு நிக்கும். நம்ம ஊர் கணக்குக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல்ல வெச்ச மாதிரி, ஊரே அந்த வழியாத்தான் போகும் வரும். நியூயார்க்ல ஃபிளாட்அயர்ன் கட்டிடம் பக்கத்துல இருக்கற பிளாசால வெச்சாங்க, பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் 23வது தெருவும் ஒண்ணு சேர்ற எடம்.

முதல் ரெண்டு நாள் ஜாலியா போச்சு. கை காட்டறது, ஹார்ட் காட்டறது, சேந்து டான்ஸ் ஆடறது, பேப்பர்ல எழுதிப் பிடிக்கறது. அங்க ஒரு அண்ணன் இங்க ஒரு தங்கச்சின்னு சொந்தக்காரங்க போன்ல டைம் பேசி வெச்சுட்டு வந்து பாத்துக்கிட்டாங்க. அயர்லாந்துக்காரங்களுக்கு நியூயார்க் அந்நிய ஊரே இல்லீங்க, 1840கள்ல உருளைக்கிழங்கு பஞ்சம் வந்தப்ப கப்பலேறிப் போனவங்க வாரிசு அங்க லட்சக்கணக்குல இருக்காங்க. ஜோடி போட்டவங்க யோசிச்சுதான் போட்டிருக்காங்க.

அப்புறம் ஆரம்பிச்சுது. டப்ளின் பக்கத்துலருந்து ஒருத்தன் போன்ல இரட்டைக் கோபுரம் எரியற போட்டோவ எடுத்து கேமராவுக்கு நேரா காட்டறான், அந்தப்பக்கம் நிக்கறது நியூயார்க் ஜனம், 2001 செப்டம்பர் 11ல அவங்க ஊர்ல நடந்தது. இன்னொருத்தன் பேண்ட்ட இறக்கிக் காட்டினான். நாஜிக்களோட ஸ்வஸ்திகா படம் காட்டுனவங்க இருந்தாங்க. குடிச்சுட்டு வந்து ஸ்க்ரீன் மேலயே ஒரசி ஆடுன ஒரு பொண்ண போலீஸ் கூட்டிட்டு போனாங்க. நியூயார்க் பக்கமும் ஒண்ணும் சளைக்கல, ஒரு பொண்ணு மேல்சட்டைய தூக்கிக் காட்டி அது வீடியோவா உலகம் பூரா சுத்துச்சு. கொஞ்சம் பேர் பண்ற வேலைன்னு டப்ளின் சிட்டி கவுன்சில் சொன்னாங்க, உண்மைதான், ஆனா அந்த கொஞ்சம் பேரத்தான் உலகம் பாத்துச்சு. மே 14 ராத்திரியோட ஆஃப்.

மே 19 திரும்ப திறந்தாங்க. மூணு மாத்தம். யாராவது மேல ஏறியோ ரொம்ப கிட்ட வந்தோ கேமராவ மறைச்சா ரெண்டு பக்கத்து ஸ்க்ரீனும் மங்கலாயிடும். சுத்தி தடுப்பு, ஆள் காவல். மூணாவது நேரக் கட்டுப்பாடு, டப்ளின்ல காலைல 11லருந்து ராத்திரி 9 வரைக்கும், அதாவது நியூயார்க்ல காலைல 6லருந்து சாயங்காலம் 4 வரைக்கும்.

இதுல எத்தனயோ பேர் அந்த மங்கலாக்கற டெக்னாலஜியப் பத்தித்தான் பேசினாங்க. எனக்கென்னவோ பாதி வேலைய பாத்தது கடிகாரம்தான்னு தோணுது. ராத்திரி ஒம்போதுக்கு மூடிட்டா பப்லருந்து வெளிய வர்ற கூட்டம் வந்து நிக்கறப்ப ஸ்க்ரீன் இருட்டா இருக்கும். டாஸ்மாக் நேரத்த மாத்தினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாததா.

44 வருஷம் முன்னாடியே ஒருக்கா

இது புது ஐடியான்னு நெனச்சா தப்பு. 1980 நவம்பர்ல கிட் கேலோவே, ஷெர்ரி ராபினோவிட்ஸ்னு ரெண்டு ஆர்ட்டிஸ்ட்ங்க இதே வேலைய சாட்டிலைட் வெச்சு பண்ணாங்க. நியூயார்க்ல லிங்கன் சென்டர்ங்கற கலை அரங்கம், அந்தப்பக்கம் லாஸ் ஏஞ்சல்ஸ்ல செஞ்சுரி சிட்டிங்கற எடத்துல ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோரோட ஷோகேஸ் கண்ணாடி. தலையிலருந்து கால் வரைக்கும் ஆள் சைஸ்ல கருப்பு வெள்ளைப் படம், கூடவே சத்தம். பேரு 'ஹோல் இன் ஸ்பேஸ்', நம்ம பாஷைல வான்வெளில ஒரு ஓட்டைன்னு வெச்சுக்கங்க.

அவங்க என்னென்ன வெக்கலன்னு பாருங்க, அங்கதான் டிசைன் இருக்கு. போர்டு கிடையாது. இது என்னன்னு ஒரு விளக்கமும் கிடையாது. ஸ்பான்சர் பேர் கிடையாது, ஆர்ட்டிஸ்ட் பேர் கூட எங்கயும் இல்ல. முக்கியமா, உங்க படம் அங்க எப்படித் தெரியுதுன்னு உங்களுக்குக் காட்டற மானிட்டர் கிடையாது. அந்தப்பக்கத்து ஆள் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். நீங்க உங்களப் பாத்துக்க முடியாது.

இன்னிக்கு வீடியோ கால்ல பாதி நேரம் நாம நம்ம மூஞ்சியத்தான் பாத்துட்டு இருக்கோம், அந்த மூலைல இருக்கற சின்ன சதுரத்த. முடி சரியா இருக்கா, பின்னாடி துணி மடிக்காம கெடக்கே, இப்படி. 1980லயே அத எடுத்துட்டாங்கன்னு படிச்சப்ப எனக்கு கையெடுத்து கும்பிடலாம் போல இருந்துச்சு.

மொத்தம் மூணே சாயங்காலம், 11, 13, 14 தேதி, தலா ரெண்டு மணி நேரம். கூட்டிப்பாத்தா ஆறு மணி நேரம். மொத நாள் அந்த வழியா போனவங்க கண்ணுல பட்டு, எங்க இருக்கீங்க, லாஸ் ஏஞ்சல்ஸா, பொய் சொல்லாதீங்கன்னு ஒரே ஆச்சரியம். ரெண்டாவது நாள் வாய் வழியாவும் டிரங்க் கால் வழியாவும் சேதி பரவி, மூணாவது நாள் குடும்பம் குடும்பமா கெளம்பி வந்துட்டாங்க. இருபது வருஷத்துக்கு மேல ஒருத்தர ஒருத்தர் பாக்காதவங்கல்லாம் அதுல இருந்தாங்க. வீடியோ பதிவு இருக்கு, கூட்டம் ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சு கண்ணாடிய நோக்கி கத்திட்டே இருக்கும், படம் ஒண்ணும் தெளிவு கிடையாது, ஆனா யாரும் படத்தோட தரத்தப் பத்திப் பேசல.

மூணாவது நாள் முடிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டாங்க. நீட்டிக்கல.

நடுவுல 2008ல பால் செயின்ட் ஜார்ஜ்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் லண்டன் டவர் பிரிட்ஜ் பக்கத்துலயும் நியூயார்க் புரூக்ளின் பாலத்துப் பக்கத்துலயும் பெரிய பித்தளைக் குழாய் மாதிரி ஒண்ண வெச்சாரு, டெலெக்ட்ரோஸ்கோப்னு பேரு. என் முப்பாட்டன் கடலுக்கடில தோண்டுன சுரங்கம் இது, அது வழியா கண்ணாடி வெச்சுதான் இந்த ஊர் அந்த ஊருக்குத் தெரியுதுன்னு ஒரு கதையும் கட்டிவிட்டாரு. உள்ள ஓடுனது பிராட்பேண்ட் லைன். அதுலயும் சத்தம் இல்ல, ஜனங்க எழுதிக் காட்டித்தான் பேசிக்கிட்டாங்க. மூணு வாரத்துக்குக் கொஞ்சம் மேல ஓடி முடிஞ்சுது. கதை பொய்தான், ஆனா அந்தப் பொய் ஒரு வேலை செஞ்சுதுன்னு நெனக்கறேன், குழாய்க்குள்ள எட்டிப் பாக்கறவன் ஒரு குழந்த மாதிரி ஆயிடறான், விளையாட்டுக்குள்ள வந்துடறான், வெளிய நின்னு கல்லெறிய தோணாது.

கன்டெய்னர் கதை

டப்ளின் கேஸோட ஒப்பிட்டுப் பாக்க வேண்டிய நெசமான ஜோடி இதுதான். பேரும் அதே போர்ட்டல்ஸ், ஆனா சம்பந்தமில்லாத வேற டீம். முன்னாடி வாஷிங்டன் போஸ்ட்ல வேலை பாத்த அமர் பக்ஷின்னு ஒருத்தர், அவரோட ஷேர்ட் ஸ்டுடியோஸ். 2014 டிசம்பர்ல நியூயார்க்லயும் ஈரான் தலைநகர் டெஹ்ரான்லயும் ஆரம்பிச்சாங்க. ரெண்டு நாட்டு அரசாங்கத்துக்கும் நடுவுல தூதரக உறவே இல்ல, அந்த ஜோடியத்தான் மொதல்ல எடுத்தாங்க.

கப்பல்ல சரக்கு ஏத்தற இரும்பு கன்டெய்னர், வெளிய தங்கக் கலர் பெயிண்ட். உள்ள போனா ஒரு சுவர் முழுக்க ஸ்க்ரீன், அந்தப்பக்கத்து கன்டெய்னர்ல நிக்கற ஆள் முழு உருவமா எதுக்க, ஒரே ரூம்ல நிக்கற மாதிரி. சத்தம் உண்டு. கதவ சாத்திடுவாங்க. சுமாரா இருபது நிமிஷம். பேச்ச ஆரம்பிக்க ஒரு கேள்வி குடுப்பாங்க, இன்னிக்கு நாள் நல்லா போறதுக்கு உனக்கு என்ன வேணும்கற மாதிரி. அரசியல் கேள்வி கிடையாது, ஆனா பாருங்க, அதுக்கு பதில் சொல்லப் போனா வாடகை, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, விசா வரல, எல்லாம் தானா வரும்.

அப்புறம் ஆப்கானிஸ்தான்ல ஹெராத், காஸா, ஈராக்ல எர்பில் பக்கத்து அகதி முகாம்னு பல ஊருக்குப் போச்சு. ஒவ்வொரு எடத்துலயும் ஒரு ஆள் இருப்பாங்க, கியூரேட்டர்னு சொல்வாங்க, அந்த ஊர்க்காரங்களே. கதவத் திறந்து விடறது, மொழிபெயர்க்கறது, கூச்சப்படறவங்கள உள்ள தள்ளறது, நேரம் குறிச்சுக் குடுக்கறது. நம்ம ஊர்ல எஸ்டிடி பூத்ல ஒரு அண்ணன் ஒக்காந்திருப்பாரே, ஐஎஸ்டி லைன் கெடைக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப டயல் பண்ணிட்டு, லைன் கெடச்சதும் ரிசீவர குடுத்துட்டு வெளிய பாக்கற மாதிரி நடிப்பாரே, கிட்டத்தட்ட அந்த வேலை.

2016லருந்து இதே கன்டெய்னர வெச்சு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ட்ரேசி மியர்ஸ், வெஸ்லா வீவர் இவங்கல்லாம், போலீஸ் கெடுபிடி அதிகமா இருக்கற ஏரியா ஜனங்கள ஒருத்தருக்கொருத்தர் பேச வெச்சாங்க. சிகாகோ, பால்டிமோர், மில்வாக்கி, நியூவார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், கூடவே மெக்சிகோ சிட்டி. முன்பின் தெரியாத ரெண்டு பேர், உங்க ஏரியால போலீஸ் எப்படின்னு பேசறாங்க. 800க்கும் மேல உரையாடல் பதிவாச்சு. பேட்டி எடுக்கறவர் யாரும் உள்ள இல்ல, அதனால சர்வேல வராத விஷயமெல்லாம் வந்துச்சு. ரெண்டு பேரும் வேற வேற ஊரு, ஆனா ஒருத்தர் ஆரம்பிச்ச வாக்கியத்த இன்னொருத்தர் முடிக்கற அளவுக்கு அனுபவம் ஒண்ணு.

சரி, வித்தியாசம் எங்க

பொதுவா சொல்ற காரணம் என்னன்னா, தெருல வெச்சா பொறுக்கித்தனம் வரும், ரூமுக்குள்ள வெச்சா வராது. அப்படின்னா 1980ல ஏன் வரல? அதுவும் தெருதான், அதுவும் நியூயார்க்தான், அந்தக்கால நியூயார்க் இப்ப விட மோசம்.

அடுத்த காரணம், பேர் தெரியாது, யாருன்னு தெரியாது, அதனால தைரியம். அதுவும் பத்தாது. லிங்கன் சென்டர்லயும் யார் பேரும் யாருக்கும் தெரியாது.

என் கணக்கு வேற. மூணாவது ஆள்.

டப்ளின்ல பேண்ட்ட இறக்குனவன் நியூயார்க்காரனுக்குக் காட்டறதுக்காகவா இறக்குனான்? சுத்தி நூறு போன் தூக்கிப் பிடிச்சிருக்கு. பக்கத்துல அவன் ஃபிரெண்டு வீடியோ எடுக்கறான். எரியற கோபுரத்தக் காட்டுனவன் அந்தப்பக்கத்து முகங்க எப்படி மாறுதுங்கறத கிளிப்பா எடுத்து வேற எங்கயோ இருக்கற லட்சம் பேருக்குக் காட்டறதுக்காக செஞ்சது. அந்தப்பக்கம் நிக்கற மனுஷன் அவனுக்கு பார்வையாளர் கூட கிடையாது, செட் ப்ராப்பர்ட்டி. ஷூட்டிங்ல பின்னாடி வெக்கற தென்னை மரம் மாதிரி.

1980ல கைல கேமரா கிடையாது. கன்டெய்னர்ல கதவு சாத்தியிருக்கு. ரெண்டுலயும் நீங்க பேசறது ஒரே ஒரு ஆளுக்குத்தான், அவங்க கண்ணுக்கு முன்னாடி.

இத எங்க வீட்லயே பாத்தேன், அதனாலதான் இவ்ளோ அடிச்சு சொல்றேன். அம்மா பொள்ளாச்சில தனியா இருக்காங்க. நாங்க பேசறதுன்னு பெருசா கிடையாது, போன சக்கரை டப்பா மேல சாச்சு வெச்சுட்டு அவங்க முருங்கைக்கீரை உருவிட்டு இருப்பாங்க, நான் இங்க லேப்டாப்ல வேலை பாத்துட்டு இருப்பேன், அரை மணி நேரத்துல நாலு வார்த்தை, தெரியறது பாதி நெத்தியும் சீலிங் ஃபேனும்தான். அன்னிக்கு கீரைய உருவிட்டே, மூட்டு வலி ஜாஸ்தியா இருக்கு, ராத்திரி பாத்ரூம் போக எந்திரிக்க பயமா இருக்குன்னு சொன்னாங்க, மூணு வாரமா மறைச்சு வெச்சத. சொல்லிட்டு இருக்கறப்ப சித்தி பொண்ணு உள்ள வந்து "பெரியம்மா பெரியம்மா, அப்படியே இருங்க, ஒரு ரீல் எடுத்துக்கறேன், அக்காவும் நீங்களும் கால் பேசற மாதிரி"ன்னா. அவ்ளோதான், அம்மா முந்தானைய இழுத்து விட்டாங்க, கீரையத் தள்ளி வெச்சாங்க, போன கரெக்டா நிமித்தி வெச்சு, டிவி நியூஸ் வாசிக்கற குரல்ல "நல்லா இருக்கியாம்மா, டைமுக்கு சாப்படறியா"ன்னாங்க. மூட்டு வலி எங்க போச்சுன்னே தெரியல. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, பாசமாத்தான் எடுத்தா. ஆனா மூணாவது கண்ணு வந்ததும் ரெண்டு பேருக்கு நடுவுல இருந்தது மாயமாயிடுச்சு.

என் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடறேன். அந்த போலீஸ் ஆராய்ச்சி உரையாடல்ல ரெக்கார்டிங் ஓடுச்சே, அது மூணாவது காது இல்லயா? ஆமா. ஆனா மொதல்லயே சொல்லி சம்மதம் வாங்கினாங்க, அப்புறம் அந்தப் பதிவுக்கு யாரும் லைக் போடப் போறதில்ல, கை தட்டப் போறதில்ல. மூணாவது ஆள் இருக்கறது பிரச்சனையா, இல்ல மூணாவது ஆளோட கைதட்டல் பிரச்சனையான்னு கேட்டா ரெண்டாவதுன்னுதான் தோணுது. இத நிரூபிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

வில்னியஸ் - லூப்ளின் ஜோடிய யோசிச்சுப் பாருங்க. மூணு வருஷம் ஓடியிருந்துச்சு, உலகச் செய்தி ஆகற அளவுக்கு அசிங்கம் ஒண்ணும் எங்காதுக்கு வரல. லூப்ளின்ல அத வெச்ச சதுக்கத்துக்குப் பேரே லிதுவேனியா சதுக்கம், 1569ல ரெண்டு நாடும் ஒண்ணு சேந்த ஒப்பந்தம் அந்த ஊர்லதான் கையெழுத்தாச்சு. பங்காளி வீட்டு ஜன்னல். கூடவே நேர வித்தியாசம் ஒரே ஒரு மணி நேரம், இங்க வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரம் அங்கயும் அதே நேரம். டப்ளின்ல ராத்திரி பத்து மணிக் குடி நியூயார்க்ல சாயங்காலம் அஞ்சு மணி, ஸ்கூல் விட்ட புள்ளைங்க ஐஸ்க்ரீம் வாங்கிட்டு நிக்கற நேரம். ஒருத்தன் போதைல இருக்கான், இன்னொருத்தன் குழந்தையோட நிக்கறான், அவங்கள எதுக்கெதுக்க நிறுத்தி வெச்சா எந்த ஊரா இருந்தாலும் இதான் ஆகும்.

சத்தம் இல்லாதது ஒரு தனி விஷயம். ஏன் வெக்கலன்னு புரியுது, டிராஃபிக் இரைச்சல், கெட்ட வார்த்தை, பக்கத்து கடைக்காரங்க தலைவலி. ஆனா சத்தத்த எடுத்துட்டா மிச்சம் இருக்கறது சைகை மட்டும். முன்பின் தெரியாத ஆளுக்கிட்ட சைகைல என்னத்த சொல்ல முடியும்? ஹாய், ஹார்ட், சூப்பர், டான்ஸ், அப்புறம் நடுவிரல். பாதிக்குப் பாதி அங்கயே தீந்துருச்சு. 'அம்மா எப்படி இருக்காங்க'ங்கறதுக்கு சைகை கிடையாது. அதனால பத்து செகண்டுக்கு மேல ஒருத்தரும் ஒருத்தரோட தங்க முடியல, பத்து செகண்டுல கவனத்த இழுக்கணும்னா என்ன பண்ணுவான், சட்டையத் தூக்குவான். எங்க ஆபீஸ் ஆப்லயும் இதே கதைதான், பேசறதுக்கு பட்டன் தராம ஸ்மைலி மட்டும் குடுத்துட்டு ஜனங்க ஏன் ஆழமா பேசலன்னு மீட்டிங் போடுவோம்.

மங்கலாக்கறது இருக்கே, அதுல ஒரு கொடும இருக்கு. அந்த ஏற்பாடு தண்டிக்கறது அசிங்கத்த இல்ல, கிட்ட வர்றத. எட்டி நின்னு நடுவிரல் காட்டுனா தெளிவாத் தெரியும். இருபது வருஷம் கழிச்சு அக்காவப் பாக்கறவ ஸ்க்ரீன்ல கை வெச்சா மங்கிடும். யந்திரத்துக்கு தூரம் மட்டும்தான் அளக்கத் தெரியும், என்ன பண்றது. அதே நேரம் அஞ்சு நாள்ல ஒரு சிட்டி கவுன்சில் செய்யக்கூடியதுல இத விட நல்லதா என்ன இருந்திருக்கும்னு கேட்டா எங்கிட்டயும் பதில் இல்ல, நான் அந்த சீட்ல ஒக்காந்திருந்தா நானும் இதத்தான் பண்ணிருப்பேன், பண்ணிட்டு ராத்திரி தூக்கம் வராம பொரண்டிருப்பேன்.

இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே. எங்கிட்ட இந்த வேலையக் குடுத்தா மொதல்ல 24 மணி நேரத்த விட்ருவேன். தினம் ரெண்டு மணி நேரம், போதும். எப்பவும் திறந்திருக்கற கடைக்கு யாரும் கெளம்பிப் போறதில்ல, போற வழில எட்டிப் பாக்கறதோட சரி. சரியா இந்த நேரம்தான்னா மனுஷன் குளிச்சு நல்ல சட்டை போட்டுட்டு வருவான், 1980 மூணாவது நாள் மாதிரி. ரெண்டாவது, ரெண்டு பக்கமும் ஒரு ஆள், யூனிஃபார்ம் போட்ட செக்யூரிட்டி இல்ல, கன்டெய்னர் கியூரேட்டர் மாதிரி, வாங்க பாட்டி இங்க நில்லுங்க, அந்தப்பக்கம் யாரையாவது தெரியுமான்னு கேக்கற ஆள். சம்பளம் குடுக்கணும், அதான் எல்லாரும் இந்த எடத்துல நைசா சென்சார் வாங்கிடறாங்க, சென்சார் லீவு கேக்காது. மூணாவது, தரைல ஒரு வட்டம், அதுக்குள்ள போன் தூக்கக்கூடாது. இத யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும், கோயில் கருவறை முன்னாடியே எடுக்கறாங்க. ஆனாலும் போர்டு வெச்சுப் பாப்பேன்.

நியூயார்க் பக்கத்து போர்ட்டல் அதே வருஷம் அங்கருந்து கெளம்பிருச்சு, 2024 அக்டோபர்ல ஃபிலடெல்ஃபியா லவ் பார்க்குக்குப் போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு ரெண்டு ஊரா ஜோடியும் கிடையாது, டப்ளின், வில்னியஸ், லூப்ளின்னு மாறி மாறி வந்துச்சு. எனக்கு இது பிடிக்கல. ஒரே வீட்டு ஜன்னல்னா இன்னிக்குப் பாத்தவங்கள நாளைக்குத் தேடலாம். சேனல் மாதிரி மாறிட்டே இருந்தா டிவி ஆயிடுது.

தம்பி மே கடைசில ஒருக்கா, திரும்ப திறந்ததுக்கப்புறம், அந்த ஸ்க்ரீன் பக்கம் போயிருக்கான். கை காட்டுன அம்மா இருப்பாங்களான்னு பாக்கத்தான் போயிருக்கான், ஒத்துக்க மாட்டேங்கறான். எங்க இருக்கப் போறாங்க. கூட்டம் கம்மி, ஒரு காவலாள் கைய கட்டிட்டு நிக்கறாரு. ஒரு அஞ்சு வயசுப் பையன் தடுப்ப நுழைஞ்சு கிட்டப் போயிட்டான், பொசுக்குன்னு படம் மங்கிருச்சு. அவங்கம்மா பின்னாடி இழுத்தாங்க, நியூயார்க் திரும்ப வந்துச்சு. பையனுக்கு வெளையாட்டு புரிஞ்சுருச்சு, மறுபடி ஓடினான், மங்கல், பின்னாடி வந்தான், தெளிவு. இப்படி ரெண்டு தடவ. மூணாவது தடவ இவன் அசையவே இல்ல, படம் தானா மங்குச்சு. தெளிவானப்ப அந்தப்பக்கம் ஒரு கட்டடத் தொழிலாளி மாதிரி ஆளு, மஞ்சத் தொப்பி, அவங்க பக்கத்து தடுப்புலருந்து பின்னாடி போயிட்டு இடுப்புல கை வெச்சுட்டு நிக்கறாராம். பையன் நெஞ்சுல கை வெச்சு 'நானா'ன்னான். அவரு தலைய ஆட்டிட்டு திரும்ப முன்னாடி வந்தாரு.

காவலாள் வேற பக்கம் திரும்பிக்கிட்டாராம்.